காற்றாடி நின்ற நேரம்

மருதப்பன் கோபப்பட்டு அந்த லேப்பில் யாரும் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

மேலாளர் திலீப்பின் மேசையில் ஒரு மருத்துவ அறிக்கை கிடந்தது. மருதப்பனோடு நான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒலி முகம்மதுவின் அறிக்கை. மருதப்பன் அதை நின்றபடியே படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரிக்குப் பொருள் இதுதான்: நோயாளி நான்கு ஆண்டுகளாகத் தினமும் மருந்து எடுத்து வருவதாகத் தாமே சொன்னார், என்ன மருந்து என்று தெரியவில்லை, கல்லீரல் கெட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

“அவரே சொல்லியிருக்காரு அங்கிள்,” என்றார் திலீப். “ஊர்லேருந்து லேகியம், சூரணம்னு ஏதாச்சும் கொண்டாந்திருப்பாருலா. நாம என்ன பண்ண முடியும்? சனிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு. வீட்டுக்குப் போய் வைத்தியம் பாத்துக்கட்டும்.”

“ஒலி லேகியம் சாப்பிட்டு நான் பாத்ததில்ல.”

“ரூம்ல சாப்பிட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“லேப் காத்தைப் பத்தி டாக்டர்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

திலீப் நாற்காலியைத் திருப்பிக் கதவைக் காட்டினார். கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒட்டியிருந்தது. அறைக் காற்றின் தரம் திருப்திகரம் என்று 2023 ஜூன் 14 தேதியிட்ட சான்றிதழ். “பாஸ் அங்கிள். வருஷா வருஷம் பாஸ்.”

“ஜூன் பதினாலு புதன்கிழமை. அன்னைக்கு ஒரு கலவைகூடக் கழுவல. வெறும் கல்லு சலிச்சோம். காத்தைப் பிடிக்கிற குழாயை யார் சட்டைக் காலர்ல மாட்டினாங்க, ஞாபகம் இருக்கா?”

அது திலீப்பின் காலரில்தான் மாட்டப்பட்டிருந்தது. எட்டு மணி நேரமும் குளிர்சாதன அறைக்குள், இதே நாற்காலியில் இருந்தது.

“இது சோதனையா, வேஷமா?” என்று மருதப்பன் கேட்டபோது குரல் வெளியே கல் சலிக்கும் இயந்திரமான சலிப்பான் அருகே நின்றவர்கள் வரை கேட்டது. யாரோ சலிப்பானை நிறுத்தினார்கள்.

மருதப்பனுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. பிறந்தது, படித்தது, மணமுடித்தது எல்லாம் சிங்கப்பூரில். இருபத்திரண்டு வயதில் சாலைப் பொருள்களைச் சோதிக்கும் லேப்பில் சேர்ந்தவர், கம்பெனி இரண்டு தடவை பெயர் மாறியும், லேப் மூன்று தடவை இடம் மாறியும், தாம் மாறாமல் இருந்தார். கடைசியாக லேப் வந்து சேர்ந்தது உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு. ஜன்னல்கள் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்ட மாடி. பொங்கோலில் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தாலும் ஏழு ஐம்பதுக்குப் பதிவேட்டைத் திறந்துவிடுவார். நாற்பத்தொரு ஆண்டுகளில் அவர் கையெழுத்திட்ட முடிவு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லமாட்டார். யாராவது கேட்டால் மட்டும் சொல்வார். ஆனால் கேட்கும்படி செய்துவிடுவார்.

வேலை இதுதான். சாலையில் கொட்டும் தார்க் கலவையிலிருந்து ஒரு மாதிரி வரும். அதில் தார் எத்தனை சதவீதம், கல் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். கலவையைச் சூடாக்கி உதிர்த்து, சுழலும் கிண்ணத்தில் போட்டு, கரைப்பானை ஊற்றித் தாரைக் கழுவி எடுப்பார்கள். நாலைந்து தடவை கழுவினால் கல் மட்டும் வெளுத்து நிற்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் வித்தியாசம்தான் தார். கழுவுவது ஒலி முகம்மது. எடை போடுவது மருதப்பன்.

கரைப்பானின் பெயர் ட்ரைக்ளோரோஎத்திலீன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். லேசாக இனிக்கிற வாசனை. பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும், வாசனை தெரியாது. தெரியாவிட்டாலும் ஆவி அறையில்தான் இருக்கும். அதை வெளியே தள்ளச் சுவரில் பெரிய காற்றாடி ஒன்று உண்டு.

தராசும் அதே அறையில்தான். காற்றாடி ஓடினால் தராசின் கடைசி இலக்கம் ஓரிடத்தில் நிற்காது. 1204.3 காட்டும், கண் சிமிட்டுவதற்குள் 1204.7 ஆகும். ஒப்பந்தத்தில் தாரின் அளவை இரண்டு தசமம் வரை கேட்பார்கள். அதனால் எடை போடும்போதெல்லாம் காற்றாடியை நிறுத்துவார் மருதப்பன். காற்று அடங்கப் பத்து நிமிடம், எடை போட ஐந்து நிமிடம். வரிசையாக மாதிரிகள் காத்திருந்தால் நடுவில் போட்டுப் போட்டு நிறுத்த முடியாது. நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கும். அதே அறையின் அந்தக் கோடியில் ஒலி முகம்மது அடுத்த கலவையைக் கழுவிக்கொண்டிருப்பார்.

தராசுக்குத் தனியாக ஒரு கண்ணாடி அறை கட்டித் தாருங்கள் என்று மருதப்பன் 2017இல் எழுதினார். 2019இல் எழுதினார். 2021இல் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

அன்று மாலை மருதப்பன் வீட்டுக்குப் போகவில்லை. ஒலி முகம்மது லிட்டில் இந்தியாவில் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நோன்பின் முதல் நாள். டன்லப் தெருப் பள்ளிவாசல் வாசலில் கஞ்சி வாங்க நீண்ட வரிசை. ஒலி முகம்மது வரிசையில் நிற்காமல், எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வயது. தொண்டிக்காரர். கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. கண்ணில் மஞ்சள்.

“நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. வைக்காதவன் முன்னாடி போய் வரிசையில நிக்க வெக்கமா இருக்கு. கூட்டம் குறையட்டும்னு உக்காந்திருக்கேன்.”

“கஞ்சி தீந்துபோயிடும்.”

“தீந்தா தீரட்டும். சனிக்கிழமை ஊருக்குப் போய் வீட்டுல குடிச்சுக்கிறேன். ஓசி டிக்கெட்டு, அண்ணே. நாலு வருஷத்துல கம்பெனி கேக்காம குடுத்த முத சாமான்.”

மருதப்பன் சிரிக்கவில்லை. “ஒலி, மறைக்காம சொல்லு. தினமும் ஏதோ மருந்து எடுக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொன்னியா?”

“ஆமா. கேட்டாங்க, சொன்னேன்.”

“என்ன மருந்து?”

ஒலி முகம்மது அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்ன மருந்தா? நம்ம மருந்துதான்.”

“நம்ம மருந்துன்னா?”

“தார் கழுவுற மருந்துண்ணே. நீங்கதான் காலையில வந்ததும் ‘ஒலி, மருந்து ஊத்திட்டியா’ன்னு கேப்பீங்க. வேற எந்த மருந்து எனக்குத் தெரியும்?”

மருதப்பன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஒலி முகம்மதுவின் ஊரில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, கொசுவுக்குப் புகைப்பதும் மருந்து, பீப்பாயில் வரும் எந்த ரசாயனமும் மருந்து. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அந்தச் சொல்லை லேப்புக்குள் கொண்டுவந்தார்கள். மருதப்பனுக்கும் அது ஒட்டிக்கொண்டது, இருபது ஆண்டுகளாக அதையே சொல்லிவருகிறார். ஆனால் மருத்துவரிடம் மொழிபெயர்த்தது யார்? அலுவலகத்தில் வேலை செய்யும் அனுப்ரியா. அந்தப் பெண் சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். அவளுக்கு மருந்து என்றால் மாத்திரை.

மறுநாள் காலை அனுப்ரியாவைத் தேநீர் அறையில் பிடித்தார்.

“நாலாம் தேதி டாக்டர் ரூம்ல என்ன நடந்துச்சு? ஒரு வார்த்தை விடாம சொல்லும்மா.”

அனுப்ரியா யோசித்துச் சொன்னாள். “டாக்டர் எனி மெடிக்கேஷன்னு கேட்டாங்க. நான் ‘மருந்து ஏதாச்சும் உண்டா’ன்னு கேட்டேன். இவரு ‘தினமும் மருந்துதானே தங்கச்சி, காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும்’னாரு. என்ன பேருன்னா, ‘வாயில நுழையாத பேரு, டிரம்ல வரும்’னாரு. ஜோக் அடிக்கிறாருன்னு நினைச்சு அதை மட்டும் டிரான்ஸ்லேட் பண்ணாம விட்டுட்டேன் அங்கிள்.”

“அவர் மருந்துன்னு சொன்னது நம்ம ட்ரைக்ளோவை.”

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்போ நான்தான் அவருக்கு டிக்கெட் போட்டிருக்கேன்,” என்றாள்.

“நீ ஒரு வார்த்தையைத் தப்பா மாத்தினே. டிக்கெட் போட்டவங்க வேற. டாக்டரைப் பாக்கணும். சனிக்கிழமைக்கு முன்னாடி.”

அவள் அங்கேயே நின்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்தார்கள். மருத்துவரின் உதவியாளர் ஒரு விஷயமும் சொன்னார்: சொல்லைத் திருத்துவது எளிது, ஆனால் ஆவியைச் சுவாசித்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். காற்று நன்றாக இருக்கிறது, காற்றாடி ஓடுகிறது என்று கம்பெனி எழுத்தில் கொடுத்திருக்கிறது.

ஆதாரம் இருந்தது. அது மருதப்பனின் கையெழுத்தில்தான் இருந்தது.

லேப் பதிவேட்டில் கடைசிப் பத்திக்கு ‘குறிப்பு’ என்று தலைப்பு. காற்றாடியை நிறுத்திய நேரத்தையும் மறுபடி போட்ட நேரத்தையும் ஒவ்வொரு நாளும் அந்தப் பத்தியில் எழுதிவைத்திருந்தார் மருதப்பன். எழுதாமல் அவரால் இருக்க முடியாது. ‘கா.நி. 9.10–10.05’ என்று இருக்கும். காற்றாடி நிறுத்தம். பதிவேட்டில் மற்றதெல்லாம் ஆங்கிலம். இது மட்டும் தமிழ்.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு, பதிவேடுகளின் நகலைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கூட்ட ஆரம்பித்தார். ஒலி முகம்மது சேர்ந்தது 2020 பிப்ரவரி 3. நோய்த்தொற்றுக்காக லேப் மூடியிருந்த நாள்களைத் தள்ளினார். அவர் விடுப்பில் இருந்த நாள்களைத் தள்ளினார். மிஞ்சியது 1,071 வேலை நாள்கள். அந்த நாள்களில் காற்றாடி நின்ற நேரம் மொத்தம் 2,861 மணி 25 நிமிடம். நாளொன்றுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். இரண்டு முறை கூட்டினார். இரண்டு முறையும் அதே விடை.

மனைவி சிவகாமசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

“எல்லாம் இங்கிலீஷ். இது மட்டும் ஏன் தமிழ்ல?”

“கட்டம் சின்னது.”

“இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து எழுத இடமில்லையா?”

மருதப்பன் பென்சிலைக் கீழே வைத்தார்.

“வருஷா வருஷம் தணிக்கைக்கு வர்றவங்க யாரும் தமிழ் படிக்கமாட்டாங்க,” என்றார் சிவகாமசுந்தரி. “தப்புன்னு தெரிஞ்சுதான் தமிழ்ல எழுதியிருக்கீங்க.”

அவரோடு முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அவர் எழுத்தை இன்றுதான் படிக்க நேர்ந்தது, ஒரே நிமிடத்தில் படித்துவிட்டார். மருதப்பனுக்கு முதலில் மனைவிமேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் நிற்க இடம் கிடைக்காமல் திரும்பி அவர்மேலேயே வந்து உட்கார்ந்தது. மறைக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். தசமத்தில் பிழை வராத மனிதர் என்ற பேருக்காக ஒருவனின் மூச்சை நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கிறார். நிறுத்தியதையும் நிமிடச் சுத்தமாகக் குறித்திருக்கிறார்.

வியாழக்கிழமை திலீப் கூப்பிட்டனுப்பினார். அறுநூறு பக்கம் ஓடியதை நகல் இயந்திரமே காட்டிக்கொடுத்திருந்தது. மேசைமேல் பதிவேடு திறந்திருந்தது.

“கா.நி.ன்னா என்ன அங்கிள்?”

“உங்களுக்குத் தமிழ் தெரியுமே.”

“தெரியும்லா. அதான் கேக்கிறேன். வேற யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.” திலீப் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாருங்க, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். காற்றாடியை நிறுத்துன்னு கம்பெனி எப்பவாச்சும் சொல்லியிருக்கா? பேப்பர்ல இருக்கா? இல்ல. நிறுத்தினது யாரு? நீங்க. கையெழுத்து யாருது? உங்களுது. விசாரணைன்னு வந்தா முதல் பேரு உங்க பேருதான். நாப்பது வருஷம் சுத்தமா ஓட்டிட்டு, கடைசியில எதுக்கு?”

“தராசுக்கு ரூம் கேட்டு மூணு லெட்டர் குடுத்தேன். மூணாவதுல கீழ கையெழுத்துப் போட்டு ‘அடுத்த ஆண்டு’ன்னு எழுதினது நீங்க. அதோட நகலும் எங்கிட்ட இருக்கு.”

“நீங்க எதைத்தான் எடுத்து வைக்கல?”

“காத்தை மட்டும்தான்,” என்றார் மருதப்பன். “அதை ஒலியோட உடம்புல எடுத்து வச்சிருக்கீங்க.”

திலீப்பின் முகம் சிவந்தது. “வச்சிருக்கீங்கன்னு என்னைச் சொல்றீங்க?”

“நம்மளைச் சொல்றேன்.”

மருதப்பன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இந்த மனிதன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான்கு பேர் அந்தச் சின்ன அறையில் இருந்தார்கள்: நடுவயதுச் சீனப் பெண் மருத்துவர், ஒலி முகம்மது, அனுப்ரியா, மருதப்பன். அனுப்ரியா முதலில் தன் பிழையைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மருத்துவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, டிரம் என்றால் எத்தனை லிட்டர் என்று கேட்டார். இருநூறு என்றார் மருதப்பன்.

பிறகு தாள்களைக் கொடுத்தார். ஒவ்வொரு ‘கா.நி.’க்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருந்தார். அதற்கே வியாழன் மாலை முழுதும் ஆனது. மருத்துவர் பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினார். கடைசித் தாளில் இருந்த கூட்டுத்தொகையை விரலால் தொட்டார்.

“இந்த நேரங்களில் காற்றாடியை நிறுத்தியது யார்?”

“நான்.”

“ஒவ்வொரு முறையுமா?”

“ஒவ்வொரு முறையும். இரண்டு ஆண்டுக்கு முன் மார்ச் மாதத்தில் நான் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்த நான்கு நாள் மட்டும் இல்லை. அந்த நாள்களில் காற்றாடி நிற்கவில்லை. எடையும் போடவில்லை.”

மருத்துவர் ஒலி முகம்மதுவைப் பார்த்து, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார். அதுவரை நடந்த ஆங்கிலப் பேச்சு ஒலி முகம்மதுவுக்குப் புரிந்திருக்கவில்லை. அனுப்ரியா இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். காற்றாடி நின்றது. நின்றால் ஆவி அறையிலேயே இருக்கும். நிறுத்தியது மருதப்பன் அங்கிள். புரியுதா என்று இரண்டு முறை கேட்டாள்.

ஒலி முகம்மது மருதப்பனைப் பார்க்கவில்லை. மருத்துவரைப் பார்த்துத்தான் சொன்னார். “பதினொரு மணிக்கு மேல தலை லேசா இருக்கும். கள்ளு குடிச்ச மாதிரின்னு கூட இருக்கறவங்க சொல்வாங்க, எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். மத்தியானம் சோறு இறங்காது. ஞாயித்துக்கிழமை சரியாயிடும். திங்கக்கிழமை மறுபடி.”

அனுப்ரியா அதைச் சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை, கள்ளையும் விடவில்லை.

மருத்துவர் திரையில் பழைய வரியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார்: மூடிய அறையில் நான்கு ஆண்டுகள் கரைப்பான் ஆவியைச் சுவாசித்ததால் வேலையிடத்தில் வந்த நோய் என ஐயம். வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைச்சுக்கு அறிவிப்பு இன்றே போகும். நோயாளி இன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். விமானத்தில் ஏறும் நிலையில் இல்லை.

அனுப்ரியா அந்த இடத்திலேயே திலீப்புக்குச் செய்தி அனுப்பினாள். ‘நாளைக்குப் பயணம் இல்லை, சார்’ என்று மட்டும் எழுதினாள். திலீப் உடனே கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.

ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அனுப்ரியா பதிவு செய்யப் போயிருந்தாள். இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நிறுத்தும்போது உனக்குத் தெரியும்னு நினைச்சேன்,” என்றார் மருதப்பன்.

“சத்தம் நிக்கும். தெரியும். நிம்மதியா இருக்கும், அந்தச் சத்தம் இல்லாம. அண்ணன் எடை போடுறாருன்னு நானும் கிண்ணத்தைத் தட்டாம மெதுவா வைப்பேன்.”

“ஒலி…”

“இருங்க அண்ணே. நீங்க இன்னைக்குச் சொல்லலைன்னா நான் நாளைக்கு லேகியம் தின்னு ஈரலைக் கெடுத்துக்கிட்டவனா ஊருக்குப் போயிருப்பேன். எம் பொண்டாட்டிக்கு அதைத்தான் நான் விளக்கிக்கிட்டு இருந்திருக்கணும். அது எனக்குத் தெரியுது.” சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். “ஆனா பரவாயில்லண்ணேன்னு சொல்லுவேன்னு உக்காந்திருக்காதீங்க. இப்ப சொல்ல முடியல. அப்புறம் சொல்லுவேனான்னும் தெரியல.”

“சொல்ல வேண்டாம்.”

“விசாரணைக்குக் கூப்பிடுவாங்களா உங்களை?”

“கூப்பிடுவாங்க.”

“இதையே சொல்வீங்களா?”

“நிமிஷத்தோட சொல்வேன்.”

தாதி வெளியே வந்து பெயரைப் பிழையாகப் படித்தாள். ஒலி முகம்மது எழுந்து, அது தன் பெயர்தான் என்று கையைக் காட்டினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு உள்ளே போனார்.